மச்சானுக்குத்தான் பூட்டு வியாதி

தெருமுனை வரை போன ஸ்கூட்டர் நான்காவது தடவையாகத் திரும்பி வந்தது.

எதிர்வீட்டு மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், இன்னிக்கு நாலா?"

"மூணுதான்," என்றார் பரிசோதகர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. "முதல் தடவை கண்ணாடி எடுக்க வந்தேன். அதைச் சேர்க்கக் கூடாது."

இறங்கினார். வாசற்கதவில் தொங்கிய பூட்டைப் பிடித்து இழுத்தார். பூட்டு அசையவில்லை. ஐந்து தடவை இழுத்தார். அப்புறம் குனிந்து அதை உற்றுப் பார்த்தார். பூட்டு என்ன செய்யும் பாவம், பூட்டியபடியே இருந்தது.

"பூட்டியிருக்கா சார்?"

"பூட்டித்தான் இருக்கு."

"நான் மேலேருந்தே சொன்னேனே!"

இவர் யார் என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். பூட்டுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். பதினெட்டு வருஷமாகத் தினமும் நானூறு பூட்டுகளைப் பூட்டி, இழுத்து, திறந்து, 'சரி' என்று முத்திரை குத்தி அனுப்புகிறவர். அவர் முத்திரையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நிம்மதியாக வெளியூர் போகின்றன. அவர் வீட்டுப் பூட்டும் அவர் கையாலேயே முத்திரை வாங்கியதுதான். அந்த ஒன்றை மட்டும் ஐயா நம்ப மாட்டார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கதவைப் பூட்ட மறந்து வேலைக்குப் போய்விட்டார். ஒன்றும் திருடு போகவில்லை. ஒரு பூனை உள்ளே வந்து பாலைக் குடித்துவிட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். பூனை அதை அன்றைக்கே மறந்திருக்கும். இவர் மறக்கவில்லை.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவாள். மகள் கல்லூரி இறுதி ஆண்டு, ஏழு மணிக்குப் பஸ் பிடிப்பாள். கடைசியாகக் கிளம்புகிறவர் இவர். அதனால் பூட்டு இவர் தலையில் விழுந்தது.

மகள் முன்பெல்லாம் அப்பாவோடு ஸ்கூட்டரில்தான் போவாள். நாலு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு வெளியூரில் ஒரு பேச்சுப்போட்டி. கல்லூரி வாசலில் வேன் ஏழரை வரைதான் நிற்கும். இவர் பாதி வழியில் மூன்று தடவை வண்டியைத் திருப்பினார். போய்ச் சேர்ந்தபோது வாசலில் காவலாளி மட்டும் நின்றார். பெண் திட்டவில்லை, அழவில்லை, "பரவாயில்லப்பா" என்று மட்டும் சொன்னாள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பின்சீட்டில் சாப்பாட்டு டப்பா மட்டும்தான் உட்கார்ந்து போகிறது. அந்த 'பரவாயில்லப்பா' இவர் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் வெளியே சொல்வாரா? மாட்டார். ஆம்பளை, அதிலும் பரிசோதகர்.

மூளை இல்லாதவர் என்று நினைக்காதீர்கள். வழியெல்லாம் கண்டுபிடித்தார்.

முதல் வழி, பூட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போவது. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் சிக்னலில் நின்று படத்தைப் பார்த்தவருக்கு, இது இன்றைக்கு எடுத்ததா நேற்று எடுத்ததா என்று சந்தேகம் வந்துவிட்டது. திரும்பினார்.

மறுநாள் அன்றைய செய்தித்தாளைப் பூட்டுக்குப் பக்கத்தில் பிடித்து, தேதி தெரியும்படி படம் எடுத்தார். அடடா, என்ன அறிவு! தெருமுனை தாண்டியதும் இன்னொன்று உறைத்தது. படம் எடுத்த பிறகு செய்தித்தாளை வீட்டுக்குள் வைக்கக் கதவைத் திறந்தோமே, அப்புறம் பூட்டினோமா?

அடுத்த வழி, இரண்டாவது பூட்டு. கீழ்ப்பூட்டை இழுக்கும்போது மேல்பூட்டு மறந்தது, மேல்பூட்டை இழுக்கும்போது கீழ்ப்பூட்டு மறந்தது. ஒரு சந்தேகத்தோடு குடித்தனம் நடத்தியவர் இப்போது இரண்டோடு நடத்தினார்.

கடைசியில் வெட்கத்தை விட்டுத் தபால்காரரிடமே கேட்டார். "சார், நான் பூட்டினதும் நீங்க ஒரு வார்த்தை 'பூட்டியாச்சு'ன்னு சொல்லிடுங்க. எனக்கு ஒரு தெம்பு."

முப்பது வருஷம் தெருத் தெருவாகக் குரல் கொடுத்த மனுஷர். மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு, "வீடு பூட்டியாச்சூ! உள்ளே யாரும் இல்லே!" என்று அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அன்று முழுக்க இவருக்குத் தொழிற்சாலையில் கை ஓடவில்லை. ஊரில் இருக்கிற திருடனுக்கெல்லாம் நாமே சொல்லி அனுப்பிவிட்டோமே!

அன்று சாயங்காலம் மேலாளர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் ஒரு கூடை நிறையப் பூட்டுகள்.

"இது என்ன தெரியுதா?"

"நேத்து நான் தள்ளின பூட்டுங்க மேடம்."

"இருநூத்திப் பத்து. எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணிட்டோம். ஒண்ணுல கூட குறை இல்ல."

"எனக்கு என்னவோ சந்தேகமா இருந்துச்சு மேடம்."

"இந்த மாசம் பதினோரு நாள் லேட். இப்ப நல்ல பூட்டையெல்லாம் தள்ளறீங்க. இன்னும் ரெண்டு மாசம் பார்ப்பேன். அப்பவும் இப்படியேன்னா உங்க முத்திரையை வாங்கிட்டு அட்டைப்பெட்டி ஒட்டற இடத்துக்குத்தான் மாத்தணும். எனக்கும் மனசு வரல." குரலைத் தாழ்த்தினார். "ஒரு கவுன்சிலர் இருக்காங்க. நல்லவங்க. ஒரு தடவை போய்ப் பேசிட்டு வாங்களேன்."

பரிசோதகருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எனக்கென்ன பைத்தியமா மேடம்?"

பாருங்கள் இந்தப் பதிலை. பல் வலித்தால் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு உட்காருவார்கள். முதுகு பிடித்தால் முதுகைக் காட்டுவார்கள். மனசு பிடித்துக்கொண்டால் மட்டும் உலகத்தில் இரண்டே ஜாதிதான் இவர்களுக்கு, ஒன்று நல்ல தெளிவு, இல்லையென்றால் பைத்தியம். நடுவில் ஒரு படி கிடையாது. அந்த நடுப்படியில்தான் தினமும் நாலு தடவை தடுக்கி விழுகிறார் ஐயா. அது கண்ணுக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு வெட்கமும் இருந்தது. மெருகு போடும் பிரிவில் ஒருத்தர், மனைவி தவறிய பிறகு தூக்கமில்லாமல் தவித்து, அதே கவுன்சிலரிடம் போய்வந்தவர். அவருக்குக் 'கண்ணீர் கம்பெனி' என்று பட்டப்பெயர் வைத்து ஆலை முழுக்கப் பரப்பியதே இந்தப் புண்ணியவான்தான். "அழறதுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுப் போறான்யா" என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி, எல்லாரையும் சிரிக்கவைத்திருக்கிறார். இப்போது அதே படியை எந்த முகத்தோடு ஏறுவது?

அப்போதுதான் மச்சான் ஞாபகம் வந்தது.

மனைவியின் தம்பி. கார் ஓட்டக் கற்றுத்தருகிற வேலை. வாய் ஓயாமல் பேசுவதால் 'ஹாரன்' என்று பெயர். கல்யாணம் ஆகவில்லை, கவலை என்றால் என்னவென்று தெரியாது. பயிற்சிக் காருக்குள் பரிசோதகர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"மச்சான், உனக்கு ஒரு வியாதி வந்திருக்குடா."

"எனக்கா? எப்ப அத்தான்?"

"இன்னிக்குச் சாயங்காலம்."

"அட! என்ன வியாதி?"

"வீட்டைப் பூட்டினோமா இல்லையான்னு சந்தேகம். திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கறது."

"நான் வீட்டையே பூட்டறதில்லையே அத்தான். உள்ளே ரெண்டு சட்டையும் ஒரு நாற்காலியும்தான் இருக்கு."

"வாயை மூடிக்கிட்டுக் கேளு. நீ கவுன்சிலர் கிட்டப் போய் உட்காரு. அவங்க என்ன பண்ணச் சொல்றாங்கன்னு கேட்டுட்டு வந்து எங்கிட்டச் சொல்லு. யாருக்குன்னு எல்லாம் கேள்வி கேக்காதே."

ஹாரன் கேட்கவில்லை. அத்தானின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரி அத்தான். நானே போன் பண்ணி நேரம் வாங்கிடறேன். ஆனா ஒண்ணு, தனியா போக எனக்குப் பயம். நீங்க துணைக்கு வரணும்."

"உனக்கு என்னடா பயம்?"

"வியாதிக்காரன் அத்தான் நான். பயப்படாம என்ன பண்ணுவேன்?"

கவுன்சிலரின் இடம், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில். ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மீன் தொட்டி, வாசலைப் பார்த்தபடி ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் நரைத்த கொண்டையோடு ஒரு அம்மாள், குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் ஒரு தாளை எடுத்து வைத்தார்.

"சார் இங்க கையெழுத்து. தம்பி, நீங்க அதுக்குக் கீழே."

அந்த நேரம் பார்த்து உள்ளறைக் கதவு திறந்தது. வெளியே வந்தவர் யார் தெரியுமா? சாட்சாத் கண்ணீர் கம்பெனி.

பரிசோதகர் மேஜையோடு மேஜையாகக் குனிந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பேனாவைப் பிடுங்கினார்.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க சார்."

"எல்லாம் சரியாத்தான் இருக்கும், குடும்மா."

"ஒரு தடவை பார்த்துடுங்களேன்."

"போட்டாச்சு, போட்டாச்சு!" இவர் கிறுக்கித் தள்ளிய கையெழுத்து தாளையே கிழித்திருக்கும். அம்மாள் ஒரு மஞ்சள் அட்டையை நீட்டினார். அதைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு மீன் தொட்டிப் பக்கம் ஓடினார்.

பயனில்லை. ஆறு நாற்காலி உள்ள அறையில் எங்கே ஒளிவது?

"சார், நீங்களா?" என்றார் கண்ணீர் கம்பெனி.

"மச்சானுக்கு! என் மச்சானுக்குத்தான்! எனக்கு ஒண்ணும் இல்ல!"

"நல்லதுங்க சார். அவரைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க. எனக்கு இப்பத்தான் ஆறு மணி நேரம் தூக்கம் வருது." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கேலி இல்லை, குத்தல் இல்லை. அதுதான் இவருக்கு இன்னும் சுட்டது.

உள்ளே கவுன்சிலர் ஒரு சாதாரண நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்து படுக்கும் சோபா, சுழலும் விளக்கு எதுவும் இல்லை. பரிசோதகருக்கு அதுவே ஏமாற்றம்.

"சொல்லுங்க, என்ன சிரமம்?" என்றார் கவுன்சிலர், இருவருக்கும் நடுவில் பார்த்து.

"பூட்டைப் பார்த்தா பயமா இருக்கு மேடம்," என்று ஆரம்பித்தான் ஹாரன்.

"பூட்டைப் பார்த்து இல்லடா, பூட்டாம விட்டோமோன்னு பயம்!"

"ஆமாங்க. பூட்டாம விட்டாத்தான் பயம்."

"அப்போ உடம்புக்குள்ள என்ன ஆகுது?"

"ஒண்ணும் ஆகறதில்ல மேடம். நல்லாத்தான் இருக்கேன்."

"இவனுக்குச் சொல்லத் தெரியல மேடம்," என்று நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார் பரிசோதகர். "இங்க, நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை உள்ள போய்ப் பிசையற மாதிரி இருக்கும். உள்ளங்கை வேர்க்கும். பூட்டை இழுத்துப் பார்த்தா அடங்கும். நூறு அடி போனதும் திரும்ப ஆரம்பிக்கும். பூட்டியிருக்குன்னு தெரியும் மேடம். தெரிஞ்சுகிட்டேதான் திரும்புவேன். திரும்புவான்."

"எப்போ ரொம்ப மோசமா இருந்துச்சு?"

பரிசோதகர் சொல்லத் தொடங்கினார். வேன், ஏழரை மணி, காவலாளி, 'பரவாயில்லப்பா'.

"அது உங்க மகளா?"

"என் மகதான். கூட்டிட்டுப் போனது இவன்." கூசாமல் மச்சான் தலையில் கட்டினார்.

"தப்புதான் மேடம்," என்றான் ஹாரன் அடக்கமாக.

பரிசோதகர் கைக்குட்டையை எடுத்தார். "கண்ணுல தூசி," என்றார். ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறிகூட ஓடவில்லை. தூசி எந்த வழியாக வந்ததோ!

கவுன்சிலர் அவசரப்படவில்லை. தூசி போகிற வரை காத்திருந்தார். பிறகு சொன்னார். "இது நிறையப் பேருக்கு வர்றதுதான். சந்தேகம் வர்றது உங்க தப்பு இல்ல. ஆனா ஒவ்வொரு தடவை திரும்பிப் போய்ப் பார்க்கும்போதும் அதுக்குச் சாப்பாடு போடறீங்க. அது நாளைக்கும் வந்து நிக்கத்தான் செய்யும். இனிமே ஒரே தடவை பூட்டுங்க. கண்ணால பார்த்து, வாய்விட்டு 'பூட்டிட்டேன்'னு சொல்லுங்க. போயிடுங்க. பயம் ஏறும். ஏறட்டும். பத்துக்கு எத்தனைன்னு ஒரு நோட்டுல எழுதிகிட்டே வாங்க. திரும்பிப் போகாம இருந்தா அது தானா இறங்கும். எடுத்த எடுப்பிலேயே எல்லாம் வராது, படிப்படியாப் பண்ணலாம். வாரா வாரம் வந்து சொல்லுங்க."

"கேட்டுக்கிட்டியா?" என்று மச்சானை முறைத்தார் பரிசோதகர்.

"தனியா பண்ணக் கஷ்டம் மேடம்," என்றான் ஹாரன். "அத்தானும் கூட பண்ணினா நல்லாருக்கும்."

"ரெண்டு பேருமே பண்ணுங்க," என்றார் கவுன்சிலர்.

படியிறங்கும்போது பரிசோதகர் சொன்னார். "இதுக்கு ஒரு படிப்பு, ஒரு பட்டம். 'பூட்டிட்டுப் போ'ன்னு சொல்ல எதிர்வீட்டுத் தபால்காரர் போதாதா?"

இரண்டாம் வாரம் சட்டை துவைக்கும்போது பையிலிருந்த மஞ்சள் அட்டை மனைவி கையில் சிக்கியது.

"என்னங்க இது, மனநல ஆலோசனை மையம்னு போட்டிருக்கு?"

"உன் தம்பிக்குத்தான்," என்றார் இவர், யோசிக்காமல்.

அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் ஹாரன் பெட்டியோடு வீட்டுக்குள் வந்துவிட்டான். அவனுக்கு ஜன்னல் ஓர அறை, இரட்டை முட்டை, மாலையில் பழம். பரிசோதகர் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்.

"அவன் முன்னாடி சத்தமாப் பேசாதீங்க," என்றாள் மனைவி. "மனசு நொந்திருக்கான். சொல்லாம எத்தனை நாள் தவிச்சானோ என் தம்பி!"

"எனக்கும் முட்டை வை."

"உங்களுக்கு என்ன கேடு? கல்லுக்குண்டு மாதிரி இருக்கீங்க."

கல்லுக்குண்டு வாயைத் திறக்க முடியாமல் ரொட்டியைக் கடித்தது.

இன்னும் கொடுமை காலையில் இருந்தது. வியாதிக்காரன் என்று ஆகிவிட்டபிறகு ஹாரன் சும்மா இருக்க முடியுமா? பூட்டின பூட்டைப் பிடித்துத் தொங்கினான். இருபது தடவை இழுத்தான். தெருமுனை வரை போய் ஓடி வந்து மறுபடி இழுத்தான். நடிப்பில் அத்தனை உற்சாகம். ஒரு லீவு நாள் காலையில் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்டா, பூட்டியிருக்குடா!" என்று பல்லைக் கடித்தார் பரிசோதகர். "இதுல என்னடா இருக்கு இத்தனை தடவை இழுக்க?"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே கேட்டது.

"கொஞ்சமாவது இரக்கம் இருக்கா உங்களுக்கு?" என்று மனைவி பாய்ந்தாள். "வேணும்னேவா பண்றான் அவன்? நீங்க ஒரு தடவை பூட்டிட்டு எப்படிப் போறதுன்னு அவனுக்குச் செஞ்சு காட்டுங்களேன்!"

மாடியிலிருந்து தபால்காரர் தன் பங்குக்கு வருத்தப்பட்டார். "பாவம், உங்ககிட்டேருந்து ஒட்டிக்கிச்சு போலிருக்கு சார்."

வேறு வழி? பெண்டாட்டி கண்ணெதிரில், எதிர்வீட்டுக்காரர் கண்ணெதிரில் செய்து காட்ட வேண்டியதாகிவிட்டது. ஒரு தடவை பூட்டினார். "பூட்டிட்டேன்," என்றார். நடந்தார். தெருமுனையில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் நின்றார். நெஞ்சுக்குள் அந்தக் கை பிசைந்தது. கால் வீட்டுப் பக்கமே இழுத்தது. நோட்டில் எழுதினார்: ஒன்பது. ஒன்பது. ஒன்பது. எட்டு. அந்த எட்டைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். கொஞ்சம் பொறுத்து, ஆறு. நோட்டின் மேலட்டையில் 'மச்சான்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

வாரா வாரம் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனார். வாரா வாரம் மச்சானுக்காகப் பேசினார். நடுவில் ஒரு வாரம் எல்லாம் சறுக்கி மறுபடி மூன்று தடவை திரும்பி வந்தார். "மச்சான் இந்த வாரம் ரொம்ப மோசம் மேடம்" என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"சறுக்கும். அதுக்காக ஏறினதெல்லாம் வீண் இல்ல," என்றார் கவுன்சிலர். இவர் அதை மச்சானுக்கு ஆறுதலாக இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். மச்சான் அந்த நேரம் மீன் தொட்டியை நினைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் மாதம் ஆலையில் தாமதம் இரண்டே நாள். தள்ளின பூட்டுகள் உண்மையிலேயே கெட்ட பூட்டுகளாக இருந்தன.

"கவுன்சிலர் கிட்டப் போனீங்களா?" என்று கேட்டார் மேலாளர் அம்மா.

"நான் எதுக்கு மேடம் போறேன்? மன உறுதி!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். தட்டின இடம் அந்தக் கை பிசைந்த அதே இடம். நன்றிகெட்ட மனுஷன்.

எட்டாவது வாரம் மகளுக்கு ஒரு வேலை நேர்காணல் வந்தது. ஊரின் மறுகோடியில், காலை ஒன்பதுக்கு. நேரடி பஸ் கிடையாது. அவள் மாமனிடம் போய் நின்றாள்.

"மாமா, உங்க கார்ல கொண்டுபோய் விடறீங்களா?"

"ஐயோ, நானா? பூட்டு வியாதிக்காரன் நான். பாதி வழியில காரைத் திருப்பிடுவேன். உங்க அப்பாகூடப் போ."

மகள் அப்பாவைப் பார்த்தாள். இவர் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அந்த இரண்டு நிமிஷம் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கே திட்ட மனம் வரவில்லை.

"சரிப்பா," என்றாள் கடைசியில். "ஆனா ஏழு மணிக்கே கிளம்பிடலாம். நீங்க திரும்பினாக்கூட நேரம் இருக்கும்."

மறுநாள் மனைவியும் மச்சானும் முன்னாலேயே போய்விட்டார்கள். பரிசோதகர் பூட்டினார். பார்த்தார். "பூட்டிட்டேன்," என்றார். பின்சீட்டில் நாலு மாதத்துக்குப் பிறகு, ஆறு மாதம் ஆகிவிட்டதே, ஆறு மாதத்துக்குப் பிறகு மகள் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்தாள்.

தெருமுனை வந்தது. அவர் கை பிரேக்குக்குப் போனது. தோளில் இருந்த பிடி தளர்ந்தது. அந்த பிரேக் அவளுக்குத் தெரியும்.

"ஒன்பது," என்றார் பரிசோதகர்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. ஒன்பது."

பிரேக்கை விட்டார். வண்டி முன்னால் போனது. பாலத்தின் மேல் ஏறும்போது "ஒன்பது" என்றார். சிக்னலில் நின்றபோது "எட்டு". உள்ளங்கை வேர்வையில் கைப்பிடி வழுக்கியது. பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது "ஆறு". மகள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கட்டடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, "ரெண்டு," என்றார்.

மணி ஏழே முக்கால். ஒன்பதுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வாசல் இரும்புக் கதவுகூடத் திறக்கவில்லை.

"அப்பா, நீங்க திரும்பவே இல்ல."

"திரும்பல."

அவள் கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். "நான் வர்ற வரைக்கும் இங்கேயே இருங்க. உங்ககூடத்தான் திரும்பி வருவேன்." பரிசோதகர் கைப்பையைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தூசி. தெருவில் நின்றதால் இந்தத் தடவை நம்பலாம்.

இத்தனை நல்லது நடந்த மனுஷன் என்ன செய்ய வேண்டும்? கவுன்சிலருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். கண்ணீர் கம்பெனியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இவர் என்ன செய்தார் தெரியுமா? மறுநாள் ஒற்றை ஆளாகக் கண்ணாடிக் கடை மாடியேறிப் போய், மஞ்சள் அட்டையைக் கொண்டை அம்மாளின் குறுக்கெழுத்தின் மேல் ஓங்கிப் போட்டார்.

"கேஸை மூடுங்க!"

"ஏன் சார், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல, அதான் விஷயம்! எட்டு வாரம். என் மச்சானுக்கு ஒரு இம்மி மாத்தம் இல்ல. இன்னிக்குக் காலைலகூடப் பூட்டைப் பிடிச்சு இருபது தடவை இழுத்தான். இதுக்குப் பேரு கவுன்சிலிங்கா? ஊரை ஏமாத்தற வேலை!"

நாற்காலிகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இவருக்கு இன்னும் சுருதி ஏறியது.

"என்னைப் பாருங்கம்மா. உண்மையைச் சொல்றேன். எனக்கும் இதே தொல்லை லேசா இருந்துச்சு. ஒன்றரை வருஷமா. நான் எவன் கிட்டயும் போகல, எங்கயும் உட்காரல. தானா சரியாயிடுச்சு. நேத்து என் மகளை ஊர்க்கோடிக்குக் கூட்டிட்டுப் போனேன், ஒரு தடவை திரும்பல! ஒரு தடவை! இதோ நிக்கறேன், எந்தக் கவுன்சிலிங்கும் இல்லாம சரியானவன். அவன் எட்டு வாரம் உட்கார்ந்தும் சரியாகல. இதுக்கு என்ன சொல்றீங்க?"

அம்மாள் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, முதல் தாளைப் பிரித்து, அவர் பக்கம் திருப்பி வைத்து, கிறுக்கலாக இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"அவர் எப்படி சார் சரியாவார், அவர் துணைக்கு வர்றவர்னு போன்லயே சொன்னாரே? 'ஆலோசனை பெறுபவர்'னு இருக்கிற இடத்துல கையெழுத்துப் போட்டது நீங்க. படிச்சுப் பாருங்க, படிச்சுப் பாருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், அதை ஒண்ணை மட்டும் நீங்க சரிபார்க்கவே இல்ல!"